பிறவிக் குணமா, வளர்ப்பா? ஐந்து வயதுப் பையனின் கோபமும் அவன் விளையாட்டும்

வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு, மூன்றாவது மாடி பிளாட்டுக்குக் குடிவந்திருக்கும் ஒரு அம்மாவின் கேள்வி இது. மகனுக்கு ஐந்து வயது. எதற்கெடுத்தாலும் கோபம். கையில் கிடைத்ததை எறிகிறான், பாம்பு ஏணி விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்க்கிறான், யூகேஜியில் பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டான் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். ஆச்சி, "அவன் அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு, பிறவிக் குணத்த என்ன செய்ய" என்கிறாள். மாமா, "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க, ரெண்டு போடு போட்டா சரியாயிரும்" என்கிறார். யார் சொல்வது சரி, கராத்தே வகுப்பில் சேர்த்தால் அடங்குவானா என்று கேட்டிருக்கிறார்.

ஆச்சி சொல்வதில் பாதி உண்மை உண்டு. மாமா சொல்வதற்குப் பின்னால் வருகிறேன். கோபமும் பயமும் பிள்ளை பிறக்கும்போதே உடம்போடு வந்துவிடுகின்றன. அவற்றை எங்கே, யாரிடம், எவ்வளவு காட்டலாம் என்கிற கணக்கைப் பெரும்பாலும் மற்ற பிள்ளைகளோடு விளையாடித்தான் கற்கிறார்கள். குழந்தைகள் வளர்ச்சிப் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதைப் படித்தவரை, உங்கள் மகனுக்கு ஆட்டம் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பிறவிக் குணம். 1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி கைக்குழந்தைகளைக் கவனிக்க ஆரம்பித்து, அவர்கள் பெரியவர்களாகும்வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்தில் நாலு குழந்தைகளுக்குப் பசியும் தூக்கமும் நேரத்துக்கு வந்தன, புது ஆளைப் பார்த்தாலும் சிரித்தன. பத்தில் ஒன்று எதற்கும் உரக்க அழுதது, புதிதாக எது வந்தாலும் தள்ளிவிட்டது. இன்னும் சில, மெதுவாகத்தான் ஒட்டின. மற்றவை கலவை. யாரும் வளர்த்துக் கெடுப்பதற்கு முன்பே, சில மாதக் குழந்தைகளிடமே தெரிந்த வித்தியாசங்கள் இவை.

ஆராய்ச்சிக்குப் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்தாலே பார்க்கலாம். ஒருத்தன் சட்டையை எங்கே கழற்றினான் என்பதுகூடத் தெரியாமல் ஆற்றுக்குள் கிடப்பான். அவன் வயதுக்காரனே இன்னொருத்தன் கடைசிப் படியில் நின்று பெருவிரலை நனைத்து நனைத்துப் பார்ப்பான். அப்பா கூப்பிட்டாலும் வர மாட்டான், திட்டினால் இன்னும் ஒரு படி மேலே ஏறுவான். சும்மா விட்டால் அரை மணி நேரத்தில் தானாக இடுப்பளவு தண்ணீருக்கு வந்துவிடுவான். அப்புறம் அவனைக் கரையேற்றுவதுதான் பெரும்பாடு.

குணத்தை மட்டும் வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது, அந்தக் குணத்துக்கும் அவன் வளரும் இடத்துக்கும் பொருத்தம் எப்படி என்று பார்க்க வேண்டும் என்பதுதான் தாமஸும் செஸ்ஸும் கடைசியில் சொன்னது. உங்கள் மகன் விஷயத்திலும் இதுதான். ஆச்சி வீட்டு வளவில் இருந்தால் காலையிலிருந்து ஓடித் தீர்த்திருப்பான், யாரும் அதைச் சேட்டை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாவது மாடியில் அதே வேகம் சோபாவுக்கு மேலே ஏறிக் குதிக்கிறது. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார்.

கடித்தது பற்றி. மனிதன் எந்த வயதில் மற்றவர்களை அதிகம் அடிக்கிறான், தள்ளுகிறான், கடிக்கிறான் என்று கனடாவில் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே என்ற உளவியலாளர் நீண்டகாலம் ஆராய்ந்தார். மீசை முளைக்கிற வயதில் என்று நாம் நினைப்போம். உண்மையில் அது இரண்டு, மூன்று வயதில் உச்சத்துக்குப் போகிறது, அதன்பின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்காண்டு குறைகிறது. டிவி பார்த்து அடிக்கக் கற்றுக்கொண்டான் என்கிறோம். அடிப்பதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அது கையிலேயே இருக்கிறது. அடிக்காமல் இருக்கத்தான் பழக வேண்டியிருக்கிறது, அதற்கு நாள் பிடிக்கும். ஆறு வயதுக்குள் மூளையின் எடை பெரியவர்களுடையதில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தைத் தொட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, பொறுத்துப் போகச் சொல்கிற பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதுவாக்கில் ஆகிவிடும். இருபது வயதிலேயே பைக்கில் அப்படிப் போகிறார்கள், ஐந்து வயதுக்காரனைச் சொல்லி என்ன?

சரி, விளையாட்டுக்கு வருவோம். இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது எலிகள். எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த யாக் பாங்க்செப் (1943–2017) என்ற நரம்பியல் அறிஞர், பாலூட்டிகளின் மூளை ஆழத்தில் தேடல், கோபம், பயம், காமம், பரிவு, பிரிவுத்துயர், விளையாட்டு என்று ஏழு அடிப்படை உணர்ச்சி அமைப்புகள் இருப்பதாகச் சொன்னார். விளையாட்டு அந்தப் பட்டியலில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். எலிக்குட்டிகள் கட்டிப் புரளும்போது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுகின்றன. நம் காது 20-க்கு மேல் கேட்காது, அதனால் கருவி வைத்துத்தான் கேட்டார்கள். கையால் கிச்சுக்கிச்சு மூட்டினாலும் அதே சத்தம். மூட்டுவதை நிறுத்தினால் குட்டிகள் அந்தக் கையைத் துரத்திக்கொண்டு வந்தன. மூளையில் யோசிக்கிற வேலையைச் செய்யும் வெளி அடுக்கான மேற்புறணியை நீக்கிய குட்டிகள்கூட விளையாடின. அதாவது விளையாட்டு அறிவு முற்றிய பின் வருகிற ஆடம்பரம் கிடையாது, பசியைப் போல அடிமட்டத்திலிருந்து வருவது.

அவருடைய இன்னொரு சோதனை மாமாவுக்கானது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குட்டிகளின் கூண்டில் கொஞ்சம் பூனை முடியைப் போட்டார். அந்தக் குட்டிகள் பிறந்ததிலிருந்து பூனையைப் பார்த்ததே இல்லை. விளையாட்டு அப்படியே நின்றது. முடியை எடுத்துவிட்ட பிறகும் சில நாளைக்குப் பழையபடி விளையாடவில்லை. பிரம்பு தொங்குகிற வீட்டில் பிள்ளைகள் அமைதியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவர்களுக்கு அது அடக்கம். பிள்ளைக்கு அது பயம், பயம் இருக்கும் இடத்தில் விளையாட்டு வராது, விளையாட்டு வராத இடத்தில் அவன் பழக வேண்டியதும் நின்றுபோகும். மாமா போனதும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பிப்பான். பள்ளியில் பிள்ளையை அடிப்பதற்கு 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே தடை போட்டிருக்கிறது, வீட்டுக்குத்தான் இன்னும் அந்தச் சட்டம் வரவில்லை.

விளையாட விடாமல் வளர்த்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். செர்ஜியோ பெல்லிஸும் அவருடைய குழுவினரும் கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், சக குட்டிகளோடு புரண்டு விளையாடாமல் வளர்ந்த எலிகளின் மூளையில் நெற்றிப்புற நரம்புகள் வேறு மாதிரி அமைவதைக் கண்டார்கள். விளையாட்டு இல்லாமல் வளர்ந்த எலிகள் பெரிதான பின் மற்ற எலிகளோடு பழகத் தடுமாறுகின்றன என்பதும் தெரிந்தது. எதிராளி விளையாட்டுக்கு வருகிறதா, சண்டைக்கு வருகிறதா என்று அவற்றுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. எலியை வைத்து மனிதனை முழுக்கச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் யூகேஜி வகுப்பில், தோளில் கைபோட வந்த பையனைக் கடித்துவைக்கிற பிள்ளையைப் பார்க்கும்போது எனக்கு இந்த எலிகள் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இனி நம் தெரு. நம்மூர்ப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே வைத்திருந்த ஒரு ஏற்பாடு ஒப்புக்குச் சப்பாணி. கள்ளன் போலீஸ் நடக்கிறது, ஐந்தாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பையன்கள். கூடவே ஒருத்தனின் நாலு வயதுத் தம்பி. அவனை விட்டுவிட்டு வந்தால் வீட்டில் அடி விழும். அதனால் அவனும் ஓடுவான், ஒளிவான், கத்துவான். யாராவது புதுப் பையன் அவனைப் பிடித்து அவுட் என்றால், "ஏல, அவன் ஒப்புக்குச் சப்பாணில்லா, கணக்குல கிடையாது" என்று நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். அந்த நாலு வயதுக்காரனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். தோற்கிற வலி இல்லாமல் தோற்பவர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கிறான். அண்ணன் அவுட் ஆகி, முகம் சிவந்து, ஓரமாய்ப் போய் உட்கார்ந்து, அடுத்த ஆட்டத்துக்குச் சிரித்துக்கொண்டே எழுந்து வருவதை ஒரு சாயங்காலத்தில் எத்தனையோ தடவை பார்த்துவிடுகிறான். ஒரு நாள் அவனே, "நானும் கணக்குல வாரேன்" என்பான். அன்றைக்குத் தோற்றால் அழத்தான் செய்வான். "அழுகுணி ஆட்டம் ஆடாத" என்று கூட்டம் ஒரு சத்தம் போடும். இந்தச் சத்தத்தை அம்மா போட்டால் அவமானம், கூட்டாளி போட்டால் அடுத்த ஆட்டத்துக்கான நிபந்தனை. அழுகையை விழுங்கிக்கொண்டு திரும்ப வருவான், ஏனென்றால் ஆட்டம் வேண்டும்.

உங்கள் மகன் பாம்பு ஏணிப் பலகையைக் கவிழ்க்கிறான் என்றீர்களே, அவன் யாரோடு விளையாடுகிறான்? அம்மாவோடும் அப்பாவோடும். பெரும்பாலும் நீங்கள் விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைத்திருப்பீர்கள், ஒரு நாள் விட்டுக்கொடுக்காததும் கவிழ்த்தான். எப்போதும் ஜெயிப்பவனுக்கும் பழக்கம் வராது, எப்போதும் தோற்பவனுக்கும் வராது. எலிகளில்கூடப் பெரிய எலியே விடாமல் ஜெயித்துக்கொண்டிருந்தால் சின்ன எலிக்கு அதனோடு விளையாடுகிற ஆசை விட்டுப்போவதை பாங்க்செப் கவனித்திருக்கிறார். தெருவில் பெரிய பையன்கள் இந்த அளவைத் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள்.

கோலியோ கிரிக்கெட்டோ, ஆடுகிற நேரத்தைவிடச் சண்டை போடுகிற நேரம் அதிகம் என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையும் ஆட்டத்தில் சேர்த்திதான். பந்து கோட்டைத் தாண்டியதா என்று பத்து நிமிஷம் வாதாடி, "சரி, மறுபடி போடு" என்று முடிக்கிறார்கள். காய் விட்டவர்கள் இருட்டுவதற்குள் பழம் விட்டுக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு பெரியவர் புகுந்து தீர்ப்புச் சொன்னால் சண்டை சீக்கிரம் முடியும், பிள்ளைகளுக்குப் பழகும் வாய்ப்பும் அதோடு முடியும். ரத்தம் வராதவரை நான் எழுந்து போக மாட்டேன். கட்டிப் புரள்வது விளையாட்டா சண்டையா என்று சந்தேகம் வந்தால் முகத்தைப் பாருங்கள். விளையாட்டில் சிரிப்பு இருக்கும், கை விரிந்திருக்கும், மேலே இருந்தவன் கொஞ்ச நேரத்தில் கீழே இருப்பான், முடிந்ததும் சேர்ந்தே நடப்பார்கள். சண்டை முடிந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் போவார்கள்.

பயத்துக்கும் விளையாட்டே மருந்தாகிற இடம் ஒன்று உண்டு, அதை நம் பக்கத்துக் கோயில் கொடையில் பார்க்கலாம். சாமக்கொடையில் சுடலைமாடன் சாமியாடி பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பும்போது, சின்னப் பிள்ளைகள் ஆச்சி சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். மறுநாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் எண்ணெய் டின் மேளமாகிவிடும். இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டு, பந்தத்துக்குப் பதிலாகத் தென்னை மட்டை. நேற்று ராத்திரி அதிகம் பயந்தவன்தான் இன்றைக்குச் சாமியாடி. நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடுவான், அடுப்புச் சாம்பலை அள்ளி மற்றவர்கள் நெற்றியில் பூசி, "ஒனக்கு ஒரு கொறையும் வராது, போ" என்று குறி சொல்வான். நேற்றைய பயம் அவன் கேட்காமல் வந்தது, எவ்வளவு வரும் என்று அவனுக்குத் தெரியாது. இன்றைக்கு அதை எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்பது அவன் கையில். அதனால்தான் அதே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளை பொம்மைக்கு ஊசி போடுவதும், சிரட்டையில் மண்சோறு பொங்குகிற பிள்ளை "அழாத, அம்மா வேலைக்குப் போயிட்டு வந்துருவா" என்று பொம்மையைத் தட்டிக்கொடுப்பதும் இதே வேலைதான். கிட்டே உட்கார்ந்து காது கொடுத்தால், அந்தப் பிள்ளையின் மனதில் அந்த வாரம் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

வேஷம் போட்டு ஆடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. சும்மா அசையாமல் நில் என்றால் நிற்க முடியாத சின்னப் பிள்ளைகள், காவல்காரனாக நடிக்கச் சொன்னால் அதைவிடக் கூடுதல் நேரம் அசையாமல் நின்றார்கள் என்பது சோவியத் ரஷ்யாவில் நடந்த ஒரு பழைய சோதனை. லெவ் விகோட்ஸ்கி என்ற உளவியலாளரின் வழி வந்தவர்கள் செய்தது. ஸ்டாச்சு விளையாடும்போது உங்கள் மகனைக் கவனியுங்கள். சாப்பிட ஐந்து நிமிஷம் உட்காராதவன், ஒற்றைக் காலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டிப் புரளுவதில் பையன்களுக்குச் சராசரியாக நாட்டம் கூடுதல், அதில் பிறப்பதற்கு முந்திய ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து வயதிலேயே பெண் பிள்ளைகளைத் தெருவிலிருந்து உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம். தை மாதம் சிறுவீட்டுப் பொங்கலுக்கு மண்வீடு கட்டிப் பொங்கல் வைக்கிறவர்கள் அவர்கள்தான், மரம் ஏறவும் ஓடவும் அவர்களுக்கும் அதே உடம்புதான் இருக்கிறது.

நடுவே அல்வா பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இனிப்புத் தின்றால் பிள்ளை ஆடும் என்பதை ஆராய்ந்த சோதனைகளையெல்லாம் 1995-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சர்க்கரைக்கும் சேட்டைக்கும் சம்பந்தம் தெரியவில்லை. வேறொரு சோதனையில் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டுச் சர்க்கரை என்று அம்மாக்களிடம் சொன்னார்கள். அவர்கள் கண்ணுக்குப் பிள்ளை அதிகமாக ஆடுவதாகத் தெரிந்தது. அல்வாவைப் பல்லுக்காகக் குறையுங்கள், குணத்துக்காக வேண்டாம்.

இப்போது உங்கள் மகன். விளையாட்டைத் தொடுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். அப்பா வேலை முடிந்து வரும்வரை பத்தரைக்கு விழித்திருந்து ஆறரைக்கு எழுகிற பிள்ளைக்கு மறுநாள் கோபம் வராமல் என்ன வரும்? ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள், இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சிடுசிடுப்பாகத்தான் இருக்கும். மண், சாக்பீஸ் தின்றால் கட்டாயம் பாருங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தால் நாம் கூப்பிடுவது சரியாகக் கேட்காது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அதற்கும் சேர்த்து அடி வாங்குவான். போனைப் பொறுத்தவரை, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது. அதைவிட, அழுகையை நிறுத்துவதற்குப் போன் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். அழுது தானாக ஓய்கிற பழக்கம் வர வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது.

அப்புறம், சாயங்காலம் ராட்டினம் போல மாடிக்கும் கீழுக்கும் அலைந்தாலும் பரவாயில்லை, அவனைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அவன் வயதுக்காரர்கள் மட்டும் வேண்டாம், அவனைவிட மூத்த இரண்டு பிள்ளைகளாவது இருக்கட்டும். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பாயை விரித்து அப்பாவோடு மல்லுக்கட்டட்டும். "போதும்" என்று யார் சொன்னாலும் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும், அப்பாவும் எடுக்க வேண்டும். இந்த ஒரு விதி கடிப்பதற்கு நல்ல மருந்து. விடுமுறைக்கு ஆச்சி ஊருக்கு அனுப்புங்கள். வெட்டிப்போட்ட நுங்குக் கூடு இரண்டையும் குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளுகிற வண்டியை அவனே செய்யட்டும். குச்சி நாலு தடவை முறியும், கோபத்தில் தூக்கி எறிவான், நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சாதாரணப் பிள்ளைகளுக்கு. ஒன்றரை, இரண்டு வயதாகியும் எதையும் விரலால் சுட்டிக் காட்டாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, பொய்யாகச் சோறு ஊட்டுவது மாதிரி விளையாட்டே வராத பிள்ளையை உடனே காட்ட வேண்டும். பேச்சு வராத பிள்ளைகளின் வீட்டில், ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரரே ஐந்து வயதுவரை பேசவில்லையே, திருச்செந்தூர் முருகன் பேச வைத்தானே என்று சொல்லிக் காத்திருப்பதை இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறேன். திருச்செந்தூருக்கும் போங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவுக்கும் போங்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் பயிற்சியின் பலன் கூடும். உங்கள் மகன் பேசுகிறான், பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுகிறான் என்று எழுதியிருப்பதால் அவனுக்கு அந்தக் கவலை இப்போது தேவையில்லை. ஆனால் வீடு, பள்ளி இரண்டிலும் கோபம் ஆறு மாதத்துக்கும் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ அழைத்து வாருங்கள்.

கராத்தே? அவனுக்குப் பிடித்தால் சேருங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அது மாஸ்டர் சொல்லச் சொல்லச் செய்கிற பயிற்சி, அங்கே விதி போடுவதும் சண்டை தீர்ப்பதும் மாஸ்டர். வாரத்தில் இரண்டு நாள் கராத்தே, மூன்று நாள் அபாகஸ், ஒரு நாள் ஹிந்தி என்று சாயங்காலத்தை நிரப்பிவிட்டால் கீழே இறங்கிக் கள்ளன் போலீஸ் ஆட நேரம் இருக்காது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நான் கராத்தேயை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைப்பேன்.